கட்டைவிரல் நடந்த பதினாலு கிலோமீட்டர்

— எடுக்க முடியாதுன்னா என்னா அர்த்தம், அகல்யா? நீதான போட்ட. நீயே எடு.

— அண்ணி, மொதல்ல உள்ள வந்து உக்காருங்க. வாசல்ல நின்னுக்கிட்டு கத்தாதீங்க லா. பக்கத்து ரூம்ல ஆளு இருக்காங்க.

— இருக்கட்டும். கேக்கட்டும். புக்கிட் காத்தில்ல எங்க தாமான்ல அத்தன வீடும் என்னப் பத்திக் கேட்டாச்சு. புக்கிட் பெருவாங்ல நாலு பேரு கேட்டா என்னா கொறஞ்சு போவுது.

— ஒரு வெளையாட்டு வெப்சைட். அதுல ஒரு பேர்ப் பலகை. இதுக்குப் போயி ஞாயித்துக்கெழம காலங்காத்தால வாடகைக் காடி புடிச்சு சண்டைக்கு வந்திருக்கீங்க. சீரியஸ்லி, அண்ணி.

— வெளையாட்டா? இந்தா பாரு, என் போனுக்கு வந்த படம். நானே படிக்கிறேன் கேளு. மொத எடம், பவானேஸ்வரி, பதினாலு கிலோமீட்டர். கீழ தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் ஒருத்தன் நிக்கிறான், கையில கம்பு. ‘இந்தம்மா கட்டைவிரலு அலோர் காஜாவுல கெளம்பி சிம்பாங் அம்பாட்டையும் தாண்டிடுச்சு, இன்னும் வீட்டுக்குப் போவல.’ இத எழுதினது யாரு?

— நான்தான். எல்லாருக்கும் அதே மாதிரிதான் வரும். ரெண்டாவது எடம் என் கூட்டாளி நூருல் ஹுதா. அவ பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா.

— அவ சிரிப்பா. அவ வீட்டு வேன் கால்வாயில எறங்கி யாரு புள்ள கையும் ஒடையல.

— அதுக்கும் இதுக்கும் ஏன் அண்ணி முடிச்சுப் போடுறீங்க?

— நான் போடல. ஊரு போடுது. செவ்வாக்கெழம மத்தியானம் பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வந்த வேன் கால்வாயில எறங்கிடுச்சு. கணேஸ்வரன் மகனுக்கு எலும்பு ரெண்டா போச்சு. ஏன் எறங்குச்சுன்னு கேட்டா உங்கண்ணன் என்னா சொன்னாங்க? பொண்டாட்டி போன் பண்ணா, எடுக்கத் திரும்பினேன், வேன் போயிடுச்சுன்னு சொன்னாங்க.

— நீங்க போன் பண்ணது நெசந்தான?

— நெசந்தான். தேங்காப்பால் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லக் கூப்பிட்டேன். அஞ்சு நாளா தூங்கல நான். ஒரு பாக்கெட்டு தேங்காப்பாலுக்கு ஒரு புள்ள கைய ஒடைச்சுட்டேனேன்னு சோறு எறங்கல. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு டேவான் மண்டபத்துல கூட்டம். பதினெட்டு குடும்பம் வரும். நான் அவங்க முன்னாடி எந்திரிச்சு நின்னு, எல்லாம் என்னாலதான், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லணும். சொன்னாதான் புள்ளைங்கள மறுபடியும் வேன்ல அனுப்புவாங்களாம்.

— சொல்லிட்டுப் போங்களேன். அதோட முடிஞ்சு போவும்ல.

— சொல்லத்தான் இருந்தேன். நேத்து ராத்திரி உன் படம் வந்துச்சு. இந்தம்மா எந்நேரமும் போன்லதான் கெடக்குதுன்னு கணேஸ்வரன் பொண்டாட்டி உஷாராணி வேன் குரூப்புல போடுறா. தெரியாம செஞ்ச ஒரு தப்ப மன்னிப்பாங்க. போன்லயே கெடக்குறவள எவன் மன்னிப்பான்? எம்புருசன் வேன்ல இனிமே எவன் புள்ளைய ஏத்துவான்?

— நான் படத்த நம்ம குடும்ப குரூப்புலதான் போட்டேன். வேன் குரூப்புல நான் இல்லவே இல்ல.

— அப்ப அதுக்கு றெக்கை மொளைச்சு பறந்து போச்சா?

— எனக்கு எப்படி அண்ணி தெரியும்? என் சைட்ட தப்பா பேசாதீங்க, அவ்வளவுதான். ஜனங்க போன எடுத்தா கீழ வைக்கிறதில்ல. எதப் பாக்குறோம்னே தெரியாம தேய்ச்சுக்கிட்டே இருக்காங்க. அத அவங்களுக்கே காட்டணும்னுதான் செஞ்சேன். அதுல ஒண்ணுமே கெடையாது. வெறும் செம்பனை மரம். தேய்க்க தேய்க்க மரம் வந்துக்கிட்டே இருக்கும், முடிவே வராது, வெரலு தேய்ச்சது நடந்த தூரமா கணக்குல ஏறும். ஓரத்துல சின்னதா ஒரு பொத்தான், ‘வீட்டுக்குப் போறேன்’னு. அத எத்தன பேரு அழுத்துறாங்கன்னு பாக்குறதுதான் டெஸ்ட்.

— எத்தன பேரு அழுத்தினாங்க?

— எண்பத்திமூணு பேர்ல பதினோரு பேரு. நாளைக்கு ஒரு கம்பெனில இண்டர்வியூ. இததான் காட்டப் போறேன்.

— நல்லா காட்டு. எங்கப்பா சிம்பாங் அம்பாட் தோட்டத்துல முடிவே இல்லாத மரத்துலதான் குலை வெட்டினாரு. மண்டோர் கம்போடதான் நின்னான். அழுத்திட்டு வீட்டுக்குப் போவ அவருக்கு ஒரு பொத்தானும் இல்ல. அது ஒனக்கு வெளையாட்டு.

— அய்யோ, இப்ப உங்கப்பாவ ஏன் இழுக்குறீங்க? பேச்ச மாத்தாதீங்க அண்ணி. ஒங்களுக்கு என்னா கோவம்னு எனக்குத் தெரியும். மாட்டிக்கிட்டீங்க, அதான் கோவம். பூசை, தீட்டு, வெள்ளிக்கெழம வெரதம், புருசன் பேரக்கூட சொல்ல மாட்டேன், ‘அவங்க’, ‘உங்கண்ணன்’, ஊருக்கெல்லாம் அவ்வளவு அடக்கம். போன குடுத்தா பதினாலு கிலோமீட்டர்.

— நாக்க அடக்கிப் பேசு. நான் அந்த எழவத் தொட்டதே இல்லன்னு வந்ததுலேர்ந்து சொல்றேன்.

— மெஷின் பொய் சொல்லாது.

— அப்ப நான் பொய் சொல்றேன்.

— நான் அப்படிச் சொல்லல. நீங்களே சொல்லிக்கிறீங்க. இருங்க, லேப்டாப்ப தொறக்குறேன். எந்த நாளு, எத்தன மணிக்கு, எல்லாம் இதுல ஏறியிருக்கும். நீங்களே பாத்துட்டு அப்பறமா கத்துங்க. இதோ. பவானேஸ்வரி. திங்கக்கெழம காலையில ஆறு நாப்பதுலேர்ந்து ஏழு பதினஞ்சு வரைக்கும். மத்தியானம் பன்னண்டு அம்பதுலேர்ந்து ஒண்ணு நாப்பது. அதுக்கு முந்தின வாரமும் அதே நேரம். டெய்லி. போதுமா?

— ஆறு நாப்பதுக்கா?

— ஆமா. விடிஞ்சதும் ஆரம்பிச்சுடுறீங்க.

— ஆறு மணிக்கு நான் ஆயர் குரோ பாக்டரி கண்டீன்ல நிப்பேன் அகல்யா. நூத்தம்பது பொட்டலம் நாசி லெமாக் கட்டணும். ரெண்டு கையிலயும் கையுறை. போன லாக்கர்ல வச்சுப் பூட்டி சாவிய சூப்பர்வைசர் எடுத்துக்குவாரு. ஒண்ணரைக்குத்தான் குடுப்பாரு.

— நடுவுல எடுத்திருப்பீங்க.

— நடுவுல ஒண்ணுக்குப் போவக்கூட விட மாட்டாங்க. நீ வந்து கேட்டுக்க. வேணும்னா இப்பவே வா.

— சரி, கோச்சுக்காதீங்க. ஒங்க போன குடுங்க. என் சைட்ட தொறந்து காட்டுறேன், பழைய கணக்கு அதுலயே நிக்கும்.

— இந்தா. மூல ஒடைஞ்சது, பாத்துப் புடி. கையில கீறும்.

— இது அம்மாவோட பழைய போன் ஆச்சே.

— ஆமா. உங்கம்மா புதுசு வாங்கினப்ப எனக்குக் குடுத்தாங்க. வாட்சப் மட்டும்தான் ஓடுது, அதுவும் இழுத்துக்கிட்டு.

— தொறக்க மாட்டேங்குதே. வெள்ளையா நிக்குது. ரொம்ப பழசு அண்ணி இது, என் சைட்டே இதுல ஏறாது.

— நான் வேற என்னாத்த சொன்னேன்?

— இருங்க இருங்க. அப்ப ஒங்க பேர்ல ஓடுறது வேற போன். இதுல போட்டிருக்கு, பெரிய ஸ்க்ரீன், புது மாடல். மூணு வாரத்துக்கு முந்தி ஞாயித்துக்கெழம, மத்தியானம் ரெண்டு பத்துக்குப் பேரு பதிஞ்சிருக்கு. யாரோ ஒங்க பேரப் போட்டு வெளையாடியிருக்காங்க.

— ஞாயித்துக்கெழம ரெண்டு பத்தா?

— ஆமா. நான் குடும்ப குரூப்புல லிங்க் போட்ட அன்னைக்கு.

— அன்னைக்கு ஆட்டுக்கறி.

— என்னா?

— அன்னைக்கு ஆட்டுக்கறி எடுத்திருந்தோம். அவங்க சாப்ட்டுக்கிட்டு இருந்தாங்க, கையெல்லாம் கொழம்பு. அகல்யா என்னமோ அனுப்பியிருக்கா, பேரு கேக்குது, நீயே போட்டுக் குடுன்னு போன என்கிட்ட தள்ளினாங்க. நான்தான் போட்டேன்.

— எந்த போன்?

— அவங்க போன். பெரிய போன்.

— அண்ணன் போன்ல எதுக்கு ஒங்க பேரப் போட்டீங்க? அவரு பேரப் போட வேண்டியதுதான?

— எப்படிப் போடுவேன்?

— டைப் பண்றதுதான் அண்ணி. வாயால சொல்லச் சொல்லலியே.

— வாய் என்னா, வெரல் என்னா. எல்லாம் ஒண்ணுதான். கல்யாணம் கட்டி பதினாறு வருசம், அந்தப் பேர நான் எழுதினதும் இல்ல, சொன்னதும் இல்ல. கிளினிக்ல கேட்டா அவங்க ஐசி அட்டைய நீட்டுவேன், நர்ஸ் பாத்து எழுதிக்குவா. பள்ளிக்கூட பாரத்துல அப்பா பேர எம்மகதான் எழுதுவா. கட்டி வந்த மொத நாளே உங்கம்மா கூப்பிட்டு சொன்னாங்க, ரோட்டுல போற மனுசன், நீ பேரச் சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும்னு. நானும் பயந்துட்டேன். இன்னிக்கும் பயமாதான் இருக்கு. அந்தக் கட்டம் பேரு கேட்டுச்சு, என் பேரப் போட்டேன். ஏதோ ஒரு பேருதானன்னு நெனச்சேன்.

— பைத்தியக்காரத்தனம்.

— உங்கம்மா சொன்னது.

— அண்ணி, போதும். சைட்ட மூடுறேன். பலகைய எடுத்துடுறேன். அதான கேட்டீங்க?

— லேப்டாப்ப மூடாத. ஏன் மொகம் அப்படிப் போவுது ஒனக்கு?

— ஒண்ணுமில்ல.

— ஆறு நாப்பதுலேர்ந்து ஏழு பதினஞ்சு. பன்னண்டு அம்பதுலேர்ந்து ஒண்ணு நாப்பது. எனக்குப் படிப்பு இல்ல, ஆனா அந்த நேரம் மனப்பாடம். புள்ளைங்கள கொண்டு போயி விடுற நேரம், கூட்டிக்கிட்டு வர்ற நேரம். வேன் முன் கண்ணாடிகிட்ட போன மாட்டுற ஸ்டாண்டு ஒண்ணு உங்கண்ணன் புதுசா வாங்கி வச்சாங்க. மேப் பாக்கவாம். பத்து வருசமா ஓட்டுற ரோட்டுக்கு எதுக்கு மேப்புன்னு கேட்டேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருன்னாங்க.

— சிக்னல்ல நிக்கிறப்ப பாத்திருப்பாரு.

— செவ்வாக்கெழம படி.

— வேணாம் அண்ணி.

— படிடி.

— பன்னண்டு அம்பத்திரண்டுக்கு ஆரம்பிச்சிருக்கு. நடுவுல நிக்கவே இல்ல. ஒண்ணு முப்பத்தொண்ணுக்கு நின்னிருக்கு. அப்பறம் மண்டோர் பாதிய வெட்டியிருக்காரு.

— வெட்டினாரா?

— அது ஒரு ரூல். அரை நிமிசம் வெரல எடுத்தா, அன்னைக்கு நடந்ததுல பாதி போயிடும். அப்பதான் ஆளுங்க விட மாட்டாங்க. பெரிய பெரிய ஆப்பெல்லாம் அப்படித்தான் புடிச்சு வைக்குது, அத காட்டணும்னுதான்.

— சிக்னல்ல பாத்திருப்பாருன்னியே. பச்சை விழுந்தா வெரல எடுக்கணும்ல. எடுத்தா பாதி போயிடும்ல.

— நான் வேன் ஓட்டுற ஆளுக்குன்னா வச்சேன்?

— யாருக்கு வச்சியோ. இந்தா என் போன். செவ்வாக்கெழம அவங்களுக்கு நான் எத்தன மணிக்குக் கூப்பிட்டிருக்கேன், அதையும் படி. சின்ன எழுத்து, கண்ணாடி இல்லாம தெரியல.

— ஒண்ணு முப்பத்தாறு.

— வேன் எப்ப எறங்குச்சு?

— அண்ணி.

— எப்ப எறங்குச்சு, சொல்லு.

— ஒண்ணு முப்பத்தொண்ணு. வெரலு நின்ன அதே நேரம்.

— நான் கூப்பிடறதுக்கு அஞ்சு நிமிசம் முந்தியே அந்தப் புள்ள கை ஒடைஞ்சாச்சு. நான் அஞ்சு நாளா செத்துக்கிட்டு இருக்கேன். அவங்க பக்கத்துல உக்காந்து, விடு பவானி, நீ வேணும்னா செஞ்ச, மன்னிப்பு கேட்டா சரியாப் போவும்னு தலையத் தடவினாங்க. தலையத் தடவினாங்க அகல்யா.

— அவரு பயந்திருப்பாரு. வேணும்னு செய்யல.

— அந்த மண்டோர் பேரச் சொல்லிக் கூப்பிடுவானா?

— கூப்பிடுவாரு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும். ‘பவானேஸ்வரி, இன்னும் வீட்டுக்குப் போவலையா’ன்னு.

— அப்ப பதினாலு தடவ என் பேரப் பாத்திருக்காங்க. அவங்க நடந்தது என் பேர்ல ஏறுதுன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு. வேன் குரூப்புல அந்தப் படத்த யாரு போட்டான்னு இப்ப பாரு. என் போன்லயே பாரு. படத்துக்கு மேல பேரு இருக்கும்.

— அண்ணன்தான் போட்டிருக்காரு.

— கூட ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?

— ‘என் வீட்டு நெலமைய பாருங்க’ன்னு. சிரிக்கிற மொகம் ரெண்டு.

— ம்.

— அண்ணி, அழுவாதீங்க.

— நான் அழுவல. செவ்வாக்கெழம அதோட முடிஞ்சுதா, இல்ல அப்பறமும் நடந்தாங்களா?

— கேக்காதீங்க லா.

— கேட்டாச்சு.

— நாலரைக்கு மறுபடியும் ஆரம்பிச்சிருக்கு. அஞ்சேகால் வரைக்கும்.

— நாலரைக்கு ஆஸ்பத்திரில அந்தப் புள்ளைக்கு மாவுக்கட்டு போட்டுக்கிட்டு இருந்தாங்க. உள்ள கத்துறான். உஷாராணி தலையில அடிச்சுக்கிறா. உங்கண்ணன் நடையில ஒரு மூலையா பெஞ்சில குனிஞ்சு உக்காந்திருந்தாங்க, தோளு லேசா ஆடுச்சு. மனுசன் அழுவுறாருன்னு நெனச்சு நான் போயி முதுகுல கைய வச்சேன்.

— வெட்டுன பாதிய திரும்பப் புடிக்கப் பாத்திருக்காரு.

— அவங்க புடிக்கப் பாத்தாங்க. நான் தண்ணி வாங்கிட்டு வந்து குடுத்தேன்.

— அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், பொறுமையா கேளுங்க. இத வெளிய சொன்னா அண்ணன் பெர்மிட்டு போயிடும். போலீஸ் கேஸாவும். வேன் போச்சுன்னா ஒங்க வீட்டுல அடுப்பு எரியாது. ஒங்க மகளையும் நெனச்சுப் பாருங்க. அவ அதே பள்ளிக்கூடம்.

— நீ ஒன் இண்டர்வியூவ நெனச்சுப் பேசுற.

— அதையும்தான். பொய் சொல்லல. இதுனால ஒரு புள்ளைக்குக் கை ஒடைஞ்சுதுன்னா எவன் என்ன வேலைக்கு எடுப்பான்? ஆனா அண்ணனுக்காகவும்தான் சொல்றேன். இப்ப என்னா கெட்டுப் போச்சு? எல்லாம் ஏற்கனவே ஒங்க பேர்லதான இருக்கு. ஒங்களுக்கு பெர்மிட்டு கெடையாது, லைசென்சு கெடையாது, போறதுக்கு ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஒரு மன்னிப்பு. பொம்பளைய ரெண்டு நாளு பேசுவாங்க, மறந்துடுவாங்க.

— போறதுக்கு ஒண்ணும் இல்லாதவ.

— அந்த அர்த்தத்துல சொல்லல.

— எந்த அர்த்தத்துல சொன்னாலும் சரிதான். நாளைக்கு வேன் மறுபடியும் ஓடும். பதினெட்டு புள்ளைங்க ஏறும். எம்மக முன் சீட்டுல உக்காருவா. அந்த ஸ்டாண்டு அங்கதான் இருக்கும்.

— நான் அண்ணன்கிட்ட பேசுறேன். சைட்ட இப்பவே அழிச்சுடுறேன். அழிச்சா அவரால வெளையாட முடியாதுல்ல.

— நீ அழிச்சா வேற ஒண்ண தேய்ப்பாங்க. மரம் இல்லன்னா வேற ஏதாச்சும்.

— எதுவா இருந்தாலும், நான் அழிச்சதுக்கப்பறம் ஒங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. எந்த மணி, எந்த போன், ஒண்ணும். யாரு நம்புவா?

— அழி. நீ லாக்கர் கதைய நம்பாம மொறைச்சுக்கிட்டு இருந்தப்பவே அந்த ஸ்க்ரீன, எல்லா நாளு கணக்கோட, நான் படம் புடிச்சுட்டேன். ஒடைஞ்ச போனா இருந்தாலும் படம் விழும்.

— குடுங்க அத.

— கைய எடு அகல்யா. கீறிடும்.

— என்னா செய்யப் போறீங்க? டேவான்ல அத்தன பேரு முன்னாடி எந்திரிச்சு நிப்பீங்களா? நீங்களா? ஒரு கட்டத்துல புருசன் பேர டைப் பண்ண முடியல ஒங்களுக்கு. அண்ணன் மொகத்தப் பாத்ததும் ‘எல்லாம் என்னாலதான்’னு சொல்லிட்டு உக்காந்துடுவீங்க. பதினாறு வருசமா ஒங்கள எனக்குத் தெரியும்.

— தெரியும்தான். அதுக்குத்தான் அஞ்சு மணி வரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்ல. குரூப்புல பேசி அனுப்புறதுக்கு இந்த மைக்கு படத்தத்தான அழுத்திப் புடிக்கணும்?

— அண்ணி, சொன்னா கேளுங்க. அவரு பேரு கெட்டுப் போவும்.

— சத்தம் போடாத, உன் கொரலும் ஏறிடும். கணேஸ்வரன் அண்ணே, உஷாராணி, வேன்ல புள்ள அனுப்புற எல்லாருக்கும் வணக்கம். நான் பவானேஸ்வரி பேசுறேன். செவ்வாக்கெழம நான் போன் பண்ணது ஒண்ணு முப்பத்தாறுக்கு. வேன் கால்வாயில எறங்கினது ஒண்ணு முப்பத்தொண்ணுக்கு. எல்லாத்துக்கும் படம் அனுப்புறேன், பாத்துக்குங்க. சாயங்காலம் நான் மன்னிப்பு கேக்க வர மாட்டேன். புள்ளைங்கள நாளைக்கு யாரும் வேன்ல ஏத்தாதீங்க, எம்மகளையும் நான் ஏத்தல. நேத்து குரூப்புல வந்த பலகையில என் பேருக்கு நேரா பதினாலு கிலோமீட்டர் போட்டிருக்கு. அது நான் நடந்தது இல்ல. நம்ம புள்ளைங்கள பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு எம்புருசன் நடந்தது. அந்த எடத்துல என் பேர அடிச்சுட்டு, சேகரன்னு எழுதிக்குங்க.